அண்ணாச்சியும் ஒரு ஜெபக்குறிப்பும்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போதகர் வந்து தோளில் கை போட்டார். "புதுசா ஒரு தம்பி வர்றான், பார்த்தீங்களா? பாலிடெக்னிக் படிக்கிறான். வீட்ல யாரும் விசுவாசிகள் கிடையாது. நீங்க கொஞ்சம் கூட இருந்து வளர்த்து விடணும்" என்றார். நான் வழக்கம்போல "ஜெபிச்சிட்டு சொல்றேன் ஐயா" என்றேன். எங்க ஆட்களுக்குத் தெரியும், "ஜெபிச்சிட்டு சொல்றேன்" என்றால் பாதி நேரம் "ஆளை விடுங்க" என்று அர்த்தம் :-)

ஆனால் இந்தத் தடவை வீட்டுக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது மனைவி "என்ன, மறுபடி அந்தத் தம்பி ஞாபகமா?" என்று கேட்டாள். அவளுக்கு விஷயம் தெரியும். அவள் சொன்ன தம்பி இந்தப் பாலிடெக்னிக் பையன் இல்லை. 2007ல் வந்த ஒருத்தன். அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1991ல் நான் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். அந்த வருஷம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அழுது, மனந்திரும்பி, மறுநாள் காலையிலிருந்து ஹாஸ்டலில் எல்லோருக்கும் நியாயத்தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அப்படி ஒரு வேகம். சபையில் வாலிபர் கூட்டத்துக்குப் பொருளாளராகப் போட்டார்கள். வேகமாக இருக்கிறவனுக்குப் பதவி கொடுப்பது நம்ம சபைகளின் பழைய வழக்கம்.

அண்ணாச்சி அதே சபைக்காரர். மார்க்கெட் பக்கம் ஒரு சின்னத் தையல்கடை. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் டேபிள், வாசலில் ஒரு பெஞ்சு. சபையில் அவர் பிரசங்கம் செய்து நான் பார்த்ததில்லை. காணிக்கைப் பை எடுப்பார், அசனத்துக்குக் காய் நறுக்குவார், அவ்வளவுதான். ஒருநாள் பேன்ட் ஓரம் மடிக்கக் கொடுக்கப் போனவனை "ஏல, செவ்வாக்கிழமை சாயங்காலம் சும்மாதானே இருப்ப? இங்கன வந்து இரி" என்றார். போனேன். அப்புறம் மூன்று வருஷம் செவ்வாய்க்கிழமை தவறியதில்லை.

அங்கே பாடம் எதுவும் கிடையாது. அவர் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பார். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஹாஸ்டல் கதை, வேதத்தில் புரியாதது, ரோமர் 9 பற்றி எனக்கு இருந்த கோபம் எல்லாம் பேசுவேன். அவர் தெரிந்தால் பதில் சொல்வார். தெரியாவிட்டால் "அது எனக்கு வெளங்கலடே" என்று மிஷினை மிதிப்பார். ஆனால் ஒரு கேள்வி மட்டும் வாராவாரம் உண்டு. "இந்த வாரம் யார்கூட சண்டை?" வேதம் வாசித்தாயா, ஜெபித்தாயா என்றெல்லாம் கேட்கமாட்டார். யார்கூட சண்டை என்பதுதான். முதலில் வேடிக்கையாக இருந்தது. அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொன்னால் மற்றது எல்லாம் தானாக வெளியே வந்துவிடும் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, கேட்காமலே, அந்த விஷயத்தைச் சொன்னேன். வாலிபர் கூட்டத்துக் காணிக்கையில் 140 ரூபாயை எடுத்துச் செலவு செய்துவிட்டேன். சினிமாவுக்கும் பரோட்டா சால்னாவுக்கும். திருடவேண்டும் என்று எடுக்கவில்லை. மணியார்டர் வந்ததும் வைத்துவிடலாம் என்று எடுத்தேன். மணியார்டர் வந்தது, வைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி என்ன வசனம் எடுக்கப் போகிறார் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எப்பம் கெட்டுவ?" என்றார்.

என்னிடம் பணமில்லை என்றேன். "துட்டு நான் தரமாட்டேன். வேலை தாரேன்" என்றார். கிறிஸ்மஸ் சீசன் ஆரம்பித்திருந்தது. சட்டைக்குப் பட்டன் வைக்கும் வேலை, ஒரு சட்டைக்கு எட்டணா. கணக்குப் போட்டுப் பாருங்கள், 280 சட்டை. விரலெல்லாம் ஊசிக் குத்து. டிசம்பர் மூன்றாவது வாரம் கணக்குத் தீர்ந்தது. பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, "இத பொட்டியில போட்டுட்டு சும்மா இருந்திராத. செயலாளர்ட்ட நீயே சொல்லிரு. நான் வாசல்ல நிக்கேன்" என்றார். நின்றார். நான் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு, பதவியையும் விட்டுவிட்டு வெளியே வந்தபோது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு அவர் எடுத்ததே இல்லை.

2003ல் அண்ணாச்சி இறந்துபோனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா, அவர் மனைவி, என்னிடம் "ஏம்யா, அந்த வருசம் ஒனக்கு என்ன அப்படிப் பணமுடை? ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து பட்டன் வச்சியே. நானும் எத்தனையோ தரம் கேட்டேன், பையன் தொழில் படிக்கான்னு சொல்லிட்டாவ" என்றார்கள். பன்னிரண்டு வருஷம், சொந்த மனைவியிடம் கூட அவர் சொல்லவில்லை. அக்காவிடம் நானே சொன்னேன். சொல்லும்போதுதான் உடைந்து அழுதேன்.

சரி, இப்போது 2007.

அதற்குள் நான் சென்னைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்பத்தூர் பக்கம் வீடு, சபையில் மூப்பர் குழுவில் ஓர் ஆள். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்த தம்பி ஒருவன் சபைக்கு வர ஆரம்பித்தான். லேத் மிஷின் வேலை, வாராவாரம் ஷிப்டு மாறும். வீட்டில் அம்மா மட்டும். இவன் சபைக்குப் போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பொறுப்பெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன். ரொம்பச் சந்தோஷமாக.

நான் அண்ணாச்சி மாதிரி இல்லை. படித்தவன் இல்லையா. 12 பாடம் கொண்ட ஒரு புத்தகம் வாங்கினேன். கேள்வி, கோடிட்ட இடம், மனப்பாட வசனம். வாசித்த அதிகாரத்துக்கு டிக் அடிக்க ஓர் அட்டவணை. தம்பி எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பிக்கொண்டு வந்தான். நான் சிவப்பு மையில் திருத்தினேன். (சிவப்பு மை! இப்போது நினைத்தால் கூசுகிறது.) ஆறு மாதத்தில் அவன் ஜெபம் செய்தால் நான் ஜெபம் செய்வது மாதிரியே இருக்கும். நான் ஜெபத்துக்கு முன்னால் லேசாகத் தொண்டையைச் செருமுவேன், அவனும் செருமினான். சபையில் "உங்க ஜெராக்ஸ் காப்பி வர்றார் பாருங்க" என்று கேலி செய்தார்கள். எனக்குள்ளே குளுகுளு என்று இருந்தது. உண்மையைச் சொல்லணும் இல்லையா.

முதலில் என்னை "பிரதர்" என்றுதான் கூப்பிடுவான். பிறகு "அண்ணா" ஆனது. அண்ணா ஆன பிறகுதான் ஒரு சனிக்கிழமை டீக்கடையில் வைத்துச் சொன்னான். ஷிப்டு முடிந்து ரூமில் மற்ற பையன்களோடு சேர்ந்து குடிக்கிறான். ஞானஸ்நானத்துக்கு முன்னால் விட்டது, மூன்று மாதமாக மறுபடி ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்குப் போட்டுக்கொண்டு சபைக்கு வருகிறான். "அட்டவணைல டிக் போட்டது பாதி பொய்ணா" என்றான்.

நான் கையைப் பிடித்து ஜெபித்தேன். தைரியம் சொன்னேன். அதுவரைக்கும் சரி.

புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். ஜெபக்குறிப்பு சொல்லுங்கள் என்றபோது நான் எழுந்து, "நம்ம சபைக்குப் புதுசா வந்திருக்கிற ஒரு தம்பி, பேர் வேண்டாம், குடிப்பழக்கத்துல விழுந்திருக்கார், விடுதலைக்காகப் பாரத்தோட ஜெபிக்கணும்" என்றேன். பேர் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சபைக்கு அந்த வருஷம் புதிதாக வந்த தம்பி ஒரே ஒருத்தன்தான்! இருபது பேர் உருக்கமாக ஜெபித்தார்கள். உருக்கம் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா அவன் கையைப் பிடித்து அழுது, மதுவின் தீமை பற்றிய துண்டுப்பிரதியைச் சட்டைப் பையில் வைத்தார். அவன் அந்த அம்மா தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். போன் எடுக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பின்வாங்கிட்டான், ஜெபிச்சுக்குங்க" என்று இன்னொரு ஜெபக்குறிப்பு கொடுத்தேன். ஒரு மாதம் அப்படித்தான் போனது.

என்னை உலுக்கியது ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு கத்தோலிக்க நண்பன். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவன் சாதாரணமாக, "எங்க சாமியார் பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை உயிரே போனாலும் வெளிய சொல்லக்கூடாது. உங்கள்ல அதெல்லாம் கிடையாதோ?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பாவசங்கீர்த்தனக் கூண்டைத் தூக்கிப் போட்டவர்கள். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியதைப் பிரசங்கிக்கிறவர்கள். ஆனால் கேட்டவன் அதை என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. இல்லை, தப்பு. எனக்கு ஒருத்தர் பழக்கியிருந்தார், மூன்று வருஷம்.

அன்று சாயங்காலமே அவன் ரூமுக்குப் போனேன். ஒரு ரூமில் நாலு பேர். இவன் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மாடிப்படியில் நின்றுதான் பேசினோம். "ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, "தப்பு பண்ணிட்டேன்ப்பா, மன்னிச்சிரு" என்றேன்.

"நான் உங்ககிட்ட சொன்னேன் பிரதர். சபைகிட்ட சொல்லல" என்றான். பிரதர். கவனித்தீர்களா?

சபையில் எல்லார் முன்னாலும் நான் செய்தது தப்பு என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம். மறுபடி என்னைப் பத்திப் பேசாதீங்க. அது போதும்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் ஷூ லேஸைக் கட்டிவிட்டு, நிமிராமலே, "உங்க விஷயம் எதையாவது என்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. அவன் புத்தகத்தை நான் திருத்தினேனே தவிர என் அட்டவணையை அவனிடம் காட்டியதில்லை. எனக்கும் டிக் அடிக்காத நாட்கள் இருந்தன. அந்தப் படியிலேயே 140 ரூபாய்க் கதையைச் சொன்னேன். கேட்டான். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று இறங்கிப் போய்விட்டான்.

அவன் எங்கள் சபைக்குத் திரும்ப வரவில்லை.

இதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளை வேறு மாதிரி வாசிக்க ஆரம்பித்தேன். எபேசுவில் அப்பொல்லோ நன்றாகப் பேசுகிறான், ஆனால் அவனுக்கு விஷயம் முழுசாகத் தெரியவில்லை. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்திலேயே எழுந்து திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. தங்களோடு தனியாகச் சேர்த்துக்கொண்டு போய் விளக்குகிறார்கள். கூடாரம் பண்ணுகிறவர்கள், அவர்களும் ஊசி பிடிக்கிற ஆட்கள்தான் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் பர்னபா. சவுலை யாருமே நம்பாத நேரத்தில் கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலர்களிடம் விட்டவர். பிறகு தர்சு வரைக்கும் தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவர். முதலில் "பர்னபாவும் சவுலும்" என்று வருகிற வரிசை 13ம் அதிகாரத்திலிருந்து மாற ஆரம்பிக்கிறது. பவுல் முன்னால் போய்விடுகிறார். பர்னபா அதற்காக முகம் சுளித்ததாக ஒரு வரி கிடையாது. அவருக்குச் சண்டை வந்ததும் இன்னொரு பையனுக்காகத்தான். பாதியில் விட்டுவிட்டு ஓடிய மாற்குவுக்காக. பவுல் முடியாது என்கிறார், பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறுகிறார். நடபடிகளில் பர்னபாவின் கதை அதோடு சரி. ஆனால் கடைசிக் காலத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அதே மாற்குவைக் கூட்டி வரச் சொல்கிறார், உபயோகமானவன் என்று. அந்த நடுவில் மாற்குவோடு யார் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்?

இந்த ஜெராக்ஸ் விஷயம் எனக்கு உறைத்தது தஞ்சாவூரில். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கிற சுவார்ட்ஸ் கோயிலுக்குப் போனேன். 1779ல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம், லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது. சுவார்ட்ஸ் ஐயர் மரணப்படுக்கையில் கிடக்கிறார், சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதைச் செய்ய வைத்து அங்கே வைத்ததும் சரபோஜிதான்.

சுவார்ட்ஸ் ஐயர் 1750ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1798ல் தஞ்சாவூரில் இறக்கும்வரை ஊருக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவர் கையில் வளர்ந்தவர்களைப் பாருங்கள். சத்தியநாதன், உபதேசியாராக இருந்து 1790ல் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைச் சபையைப் பார்த்துக்கொண்டவர். வேதநாயகம், பன்னிரண்டு வயதில் திருநெல்வேலியிலிருந்து ஐயர் கூட்டிக்கொண்டு வந்த பையன், பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் ஆனார். (பிற்காலத்தில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவர் மல்லுக்கட்டியது தனிக்கதை. எல்லாவற்றிலும் அவர் பக்கம்தான் நியாயம் என்றும் சொல்லமாட்டேன்.) மூன்றாவது சரபோஜி. ஐயரைத் தகப்பன் மாதிரி நினைத்தவர், ஆனால் கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஒரு போதகர், ஒரு கவிராயர், ஒரு இந்து ராஜா. மூன்று பேரில் ஒருவர்கூட சுவார்ட்ஸ் மாதிரி தொண்டையைச் செருமியிருக்க மாட்டார். அந்தச் சிற்பத்துக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு என் சிவப்பு மை பேனா ஞாபகத்துக்கு வந்தது.

புத்தகமும் பாடமும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேதம் தெரியாமல் எவனும் வளரமுடியாது. ஒழுங்கும் வேண்டும். மெதடிஸ்டு சபை ஆரம்பித்த வெஸ்லி, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து வாரம் ஒருமுறை விசாரிக்கிற ஏற்பாடு ஒன்று வைத்திருந்தார். அது 1742ல் பிரிஸ்டல் நகரத்தில் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் போனதில் தொடங்கியது. காசு வாங்கப் போன இடத்தில் வீட்டு நிலைமை எல்லாம் தெரியவந்து, அதுவே ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சியிடம் என் கதையும் கடன் வசூலில்தானே ஆரம்பித்தது!

ரகசியம் என்றால் எல்லாமே ரகசியமா என்று ஒருமுறை சபையில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு பிள்ளைக்கு ஆபத்து, அல்லது சொல்கிறவனே தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் யோசனையில் இருக்கிறான் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே மௌனம் பாவம். ஆனால் அப்போதுகூட, முடிந்த இடத்தில், "இதை நான் இன்னாரிடம் சொல்லப்போகிறேன்" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும் என்பது என் எண்ணம். மற்றபடி ஜெபக்குறிப்பு என்ற பெயரில் போகிற செய்தியில் பாதி வம்புதான். அன்றைக்காவது இருபது பேர் இருந்த ஒரு ஹால். இப்போது வாட்ஸப் ஜெபக்குழு. அரை நிமிஷத்தில் துபாய் வரைக்கும் போய்விடும்.

அந்தத் தம்பியைப் போன வருஷம் ஆவடியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கொஞ்சம் தொந்தி விழுந்திருந்தது. மனைவி, ஒரு பெண் குழந்தை. அம்மாவும் இப்போது கூடத்தான் இருக்கிறார்களாம். வேறொரு சபைக்குப் போகிறானாம். எனக்கு அந்தச் சபை உபதேசத்தில் இரண்டு மூன்று விஷயம் ஒத்துக்காது. சொல்லவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குடிக்கிறானா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கை கழுவப் போகும்போது, "பட்டன் கதையை எங்க சபைப் பசங்ககிட்ட சொன்னேன்ணா. உங்க பேர் சொல்லல" என்றான்.

நேற்று போதகருக்குப் போன் செய்து சரி என்று சொல்லிவிட்டேன். பாலிடெக்னிக் பையனிடம் நானே பேசினேன். அவனுக்கு நான் அங்கிள், வயசு அப்படி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொன்னேன்.

"நோட்டு ஏதாவது எடுத்துட்டு வரணுமா அங்கிள்?"

"வேணாம்ப்பா. ஏழு மணிக்கு வா, போதும்."